மன்ஹாட்டனில் போருக்கு முந்தைய வீடு: வாடகைக்குப் போகுமுன் கேட்கப்படும் கேள்விகள்

நியூயார்க்குக்கு வேலை மாறி வரும் நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். சென்ட்ரல் பூங்காவுக்கும் ஹட்சன் ஆற்றுக்கும் நடுவே, 59ஆம் தெருவிலிருந்து 110ஆம் தெருவரை நீளும் அப்பர் வெஸ்ட் சைடில் பதினோரு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறேன். இதுவரை இரண்டு வீடுகள். இரண்டும் 1920களில் கட்டப்பட்டவை. இரண்டுமே நான் குடிபோவதற்குச் சற்று முன்பு புதுப்பிக்கப்பட்டவை. ஆளுக்கு ஒரு கடிதமாக எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன். நான் வழக்கறிஞன் அல்ல, பட்டுத் தெரிந்துகொண்டவன்.

“போருக்கு முந்தைய” என்கிறார்களே, எந்தப் போர்?

இரண்டாம் உலகப் போர். ஏறத்தாழ 1900 முதல் 1940 வரை எழுந்த அடுக்குமாடிகளை இந்தப் பெயரால் குறிப்பிடுகிறார்கள். இது சட்டத்தில் உள்ள சொல் அல்ல, தரகர்களின் சொல். ஆனாலும் இந்த ஊரில் எல்லோருக்கும் ஒரே பொருளைத் தரும்: தடித்த சுவர், ஒன்பது பத்து அடி உயரக் கூரை, மீன்முள் போலப் பின்னிப் பதித்த ஓக் மரத்தரை, அறைக்கு அறை கதவு.

இந்தப் பகுதியில் மட்டும் இவை ஏன் இப்படிக் குவிந்து கிடக்கின்றன?

1904இல் சுரங்க ரயில் பிராட்வே வழியாக வந்ததுதான் முக்கியக் காரணம். அதற்கு முன்பே டகோட்டா போன்ற ஒன்றிரண்டு அடுக்குமாடி மாளிகைகள் இருந்தன. டகோட்டா 1884இல் கட்டி முடிக்கப்பட்டது. ரயில் ஓடத் தொடங்கியதும் நகரின் தெற்கு முனையில் வேலை பார்ப்பவர் அரை மணி நேரத்தில் வீடு திரும்ப முடிந்தது. அன்சோனியா, ஆப்தார்ப், பெல்நார்ட் என்று வரிசையாகக் கட்டினார்கள். 1930ஐ ஒட்டி எமரி ராத் என்ற கட்டடக் கலைஞர் பூங்காவைப் பார்த்தபடி பெரஸ்ஃபர்டையும் இரட்டைக் கோபுர சான் ரெமோவையும் எழுப்பினார். பிறகு பொருளாதார மந்தம், அதன் பிறகு போர். கட்டுமானம் நின்றுபோனது.

இன்னொரு காரணத்தை ஒருவரும் சொல்வதில்லை. அதற்கு முந்தைய கட்டடங்களில் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகளில் ஏழைகள் அடைந்து கிடந்தார்கள். அதனால் 1901இல் நியூயார்க் மாநிலம், வாழும் அறை ஒவ்வொன்றுக்கும் வெளிக்காற்று படும் சன்னல் வேண்டும் என்று சட்டம் போட்டது. அது பணக்காரர்களின் அடுக்குமாடிக்கும் பொருந்தியது. நடுவில் முற்றம் விட்டு மடித்துக் கட்டப்பட்ட பெரிய கட்டடங்களை இன்று ரசிக்கிறோமே, அந்த முற்றங்களுக்குப் பின்னால் ஏழைகளுக்காகப் போடப்பட்ட சட்டம் இருக்கிறது.

“கிளாசிக் சிக்ஸ்” என்றால் என்ன?

ஆறு அறைகள்: வரவேற்பறை, தனிச் சாப்பாட்டறை, சமையலறை, இரண்டு படுக்கையறைகள், சமையலறையை ஒட்டி வேலைக்காரிக்கென்று ஒரு சின்ன அறை. கழிப்பறைகள் கணக்கில் வராது. படுக்கையறை மூன்றானால் கிளாசிக் செவன். வேலைக்காரி அறையில் ஒற்றைக் கட்டிலும் ஒரு நாற்காலியும் போட்டால் இடம் தீர்ந்துவிடும். அதையும் படுக்கையறை என்று எண்ணிக் காட்டித்தான் விளம்பரம் கொடுப்பார்கள். நம்மவர்கள் அதைப் பூசை அறையாகவோ அலுவலக அறையாகவோ ஆக்கிக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான்.

விளம்பரத்தில் “புதிதாகப் புதுப்பிக்கப்பட்டது” என்று இருக்கிறது. அப்படியென்றால் நம்பிப் போகலாமா?

இந்தப் பக்கத்தை நான் எழுதுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கேள்விதான்.

புதுப்பித்தல் இரண்டு வகை. ஒன்று, சுவர்களைப் பிரித்து, குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றி, மறுபடி மூடுவது. இன்னொன்று, கண்ணில் படுவதை மட்டும் மாற்றுவது: கல் மேடை, பளபளக்கும் அடுப்பு, கூரையில் புதைத்த விளக்குகள், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பெயின்ட். வாடகைச் சந்தையில் நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி இரண்டாம் வகை. உங்கள் வீட்டுக்குள் முழுவதுமே மாற்றியிருந்தாலும், கட்டடத்தின் மேலிருந்து கீழ்வரை இறங்கும் பொதுக் குழாய் எண்பது தொண்ணூறு ஆண்டு பழையதாகவே இருக்கும். அதை மாற்ற வேண்டுமானால் ஒன்பது மாடியிலும் சுவரை உடைக்க வேண்டும். யார் உடைப்பார்கள்?

என் முதல் வீட்டில் சமையலறை பத்திரிகைப் படம் போல இருந்தது. குடிபோன இரண்டாம் மாதம், மேல்வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் தொட்டியைத் திறந்துவிட, என் வெள்ளைத் தொட்டியின் அடியிலிருந்து பழுப்பு நிறத்தில் தண்ணீர் பொங்கி மேலே வந்தது. குழாய்க்காரர் வந்து சுவரில் ஓர் ஓட்டை போட்டு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார். புது வெள்ளைப் பலகைக்குப் பின்னால் துருவேறிய வார்ப்பிரும்புக் குழாய், அதன் இணைப்பில் சுற்றிய துணி. துணிக்குக்கூட வயதாகியிருந்தது. வீட்டை நிர்வகித்த நிறுவனம் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று கடிதம் அனுப்பியது. மூன்று வாரத்தில் மறுபடி அதே பழுப்பு நீர். அன்றிலிருந்து நான் வீடு பார்க்கப் போனால் கல் மேடையைப் பார்ப்பதில்லை, அதற்குக் கீழே இருக்கும் கதவைத் திறந்து பார்க்கிறேன்.

அப்படியானால் வீடு பார்க்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

வெட்கப்படாமல் மண்டியிடுங்கள். தொட்டிக்கு அடியில் குழாய் எங்கே சுவருக்குள் நுழைகிறது என்று பாருங்கள். புதுக் குழாய் ஒரு முழம் ஓடி, பழைய குழாயில் போய்ச் சொருகியிருந்தால் கதை புரிந்துவிடும். குளியலறையில் ஷவரையும் சமையலறையில் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு, கழிப்பறையிலும் தண்ணீர் விடுங்கள். ஷவர் நூலாக மெலிந்தால் தினமும் காலையில் அதுதான் உங்கள் குளியல். வெந்நீர் வர எவ்வளவு நேரமாகிறது என்றும் பாருங்கள்.

மின்சாரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். வீடு முழுவதற்கும் நான்கே நான்கு சுவிட்சுகள் இருந்தால், ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாக ஓடும்போது இருட்டில் நிற்பீர்கள். சுவர்ப் பிளக்குகளில் மூன்றாம் துளை இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒரு கோலிக்குண்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவது என் வழக்கம். தரையில் வைத்தால் எந்தப் பக்கம் உருள்கிறது என்று தெரியும். கொஞ்சம் உருண்டால் பரவாயில்லை, நூறு வயதுக் கட்டடத்தில் தரை சாய்வது இயல்பு. ஓட்டமாக ஓடினால் காரணம் கேளுங்கள். சன்னலை மேலே தூக்கிப் பாருங்கள். பெயின்ட்டால் ஒட்டிக்கொண்டிருப்பவை ஏராளம்.

அந்தச் சன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். தெருப்பக்க வீட்டுக்கு வெளிச்சமும் பிராட்வே இரைச்சலும் சேர்ந்து வரும். முற்றத்துப் பக்க வீடு அமைதியாக இருக்கும், ஆனால் கீழ்த்தளங்களில் பகலிலும் விளக்கு வேண்டும். மாலையில் விளக்கு போட்டுக் காட்டிய வீட்டை, மறுநாள் காலை பதினோரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

பிறகு வீட்டுக்குப் போய்க் கணினி முன் உட்காருங்கள். நகர வீட்டுவசதித் துறையின் இணையதளத்தில் கட்டட முகவரியைக் கொடுத்தால், அதன் மேல் நிலுவையில் உள்ள விதிமீறல்கள் எல்லாம் வரும். ஏ, பி, சி என்று மூன்று தரம். சி என்பது உடனடி ஆபத்து. பழைய கட்டடம் எதிலும் நாலைந்து இருக்கத்தான் செய்யும். ஒரே புகார், உதாரணமாகச் சூடு இல்லை என்பது, ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்திருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். கட்டடத் துறையின் பதிவில், சொல்லப்படும் புதுப்பித்தலுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் பார்க்கலாம். குழாயையும் கம்பியையும் மாற்றியதாகச் சொல்கிறார்கள், ஆனால் அனுமதியே இல்லை என்றால் இரண்டில் ஒன்றுதான்: மாற்றவில்லை, அல்லது அனுமதியில்லாமல் மாற்றினார்கள். எது மோசம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் வீடு சூடாக இருக்குமா?

சூடு போதாது என்று முதல் வாரம் கவலைப்படுவீர்கள்; இரண்டாம் வாரம் ஜனவரியில் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பனியனோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

அடித்தளத்தில் ஒரு பெரிய கொதிகலன் இருக்கும். அதிலிருந்து நீராவி மேலே ஏறி, சன்னலுக்குக் கீழே உள்ள வார்ப்பிரும்பு ரேடியேட்டருக்கு வரும். பல கட்டடங்களில் ஒரே குழாய்தான்: நீராவி அதே குழாயில் ஏறுகிறது, குளிர்ந்து நீரானதும் அதே குழாயில் இறங்குகிறது. இதை அமைத்த காலத்தில் நல்ல காற்றுக்காக மக்கள் குளிரிலும் சன்னலைத் திறந்து வைப்பார்கள் என்று கணக்கிட்டே கொதிகலனின் அளவைத் தீர்மானித்தார்கள். நாம் சன்னலை மூடிவிட்டோம், கொதிகலன் சிறுக்கவில்லை.

என் முதல் டிசம்பரில் விடியற்காலை நான்கு மணிக்கு யாரோ சம்மட்டியால் குழாயை அடிக்கும் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தேன். கீழ்வீட்டுக்காரர் என்மேல் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்தேன். மறுநாள் சூப்பர் வந்தார் (கட்டடத்திலேயே தங்கிப் பராமரிக்கும் மேற்பார்வையாளருக்கு இங்கே அதுதான் பெயர்). ரேடியேட்டரின் ஒரு காலுக்கு அடியில் மெல்லிய மரத்துண்டைச் செருகினார். சத்தம் நின்றுவிட்டது. விஷயம் இவ்வளவுதான்: ரேடியேட்டர் வால்வின் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். சாயாவிட்டால் குளிர்ந்த நீர் உள்ளே தேங்கும். அடுத்து வரும் நீராவி அதை அள்ளிக்கொண்டு போய்க் குழாயில் மோதும். அதே காரணத்தால் ஒற்றைக் குழாய் ரேடியேட்டரின் வால்வைப் பாதி திறந்து வைக்கக் கூடாது. முழுக்கத் திற, அல்லது முழுக்க மூடு. புஸ் என்ற மெல்லிய சீறல் மட்டும் இயல்பானது, அது காற்று வெளியேறும் ஓசை.

சட்டம் தெளிவாக இருக்கிறது. அக்டோபர் 1 முதல் மே 31 வரை, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை வெளியே 55 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், வீட்டுக்குள் குறைந்தது 68 டிகிரி இருக்க வேண்டும், செல்சியஸில் 20. இரவு 10 முதல் காலை 6 வரை, வெளியே எவ்வளவு இருந்தாலும் உள்ளே 62. வெந்நீர் ஆண்டு முழுவதும் 120 டிகிரி. இல்லையென்றால் நகரின் புகார் எண்ணான 311க்குத் தொலைபேசி செய்யலாம். அதற்கு முன் ஒரு வெப்பமானி வாங்கி, மணியோடு எழுதி வையுங்கள். நீராவிச் சூட்டுக்குத் தனிக் கட்டணம் பெரும்பாலும் இருக்காது, வாடகையில் அடங்கிவிடும்.

தாளித்தால் பக்கத்து வீட்டார் புகார் சொல்வார்களா?

சொல்லலாம். அடுப்புக்கு மேலே அழகான புகைபோக்கி இருக்கும், அதை நம்பாதீர்கள். பெரும்பாலானவை காற்றை உறிஞ்சி, ஒரு வலையில் வடிகட்டி, திரும்ப உங்கள் முகத்திலேயே விடுபவை. மேலே குழாய் எதுவும் போகிறதா என்று அலமாரியைத் திறந்து பாருங்கள். இந்த வகை வீட்டில் நமக்குக் கிடைக்கும் பெரிய வரம் சமையலறைச் சன்னல்தான். 1960களுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் அது அரிது. ஆனால் புதுப்பித்தவர் சுவரை இடித்துச் சமையலறையை வரவேற்பறையோடு சேர்த்திருந்தால், மிளகாய் கிள்ளிப் போட்ட வாசம் சோபாவில் மூன்று நாள் குடியிருக்கும். சுவர் இடிக்காத பழைய சமையலறை கிடைத்தால் விளம்பரத்தில் அதைக் குறையாகச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அதை நிறையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எரிவாயு பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய கட்டடத்தில் எங்காவது ஒரு கசிவு தென்பட்டால் முழு இணைப்பையும் நிறுத்திவிடுவார்கள். சோதனை, பழுது, அனுமதி எல்லாம் முடிந்து திரும்ப வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை கட்டட நிர்வாகம் ஒற்றை மின்தட்டு ஒன்றைக் கொடுக்கும். ஒற்றைத் தட்டில் சாம்பார், பொரியல், சாதம் மூன்றையும் முடிப்பது தனிக் கலை. ஃப்ளஷிங்கில் இருக்கும் கணேசர் கோயில் உணவகத்தின் அருமை எனக்கு அந்த மாதங்களில்தான் தெரிந்தது.

துணி துவைக்கும் இயந்திரம் வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் முடியாது. பழைய கழிவுநீர்க் குழாய் அந்த நுரையைத் தாங்காது. அடித்தளத்தில் பொதுவாகச் சில இயந்திரங்கள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் போகாதீர்கள்.

ஏசி?

சன்னலில் வைக்கும் வகைதான். வீட்டுக்காரர் வைத்துத் தருவாரா, நீங்கள் வாங்க வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். பல கட்டடங்கள் நகரின் பாரம்பரியப் பாதுகாப்பு வட்டாரங்களுக்குள் வருவதால் முகப்புச் சுவரிலோ சன்னலிலோ நீங்களாக எதையும் மாற்ற முடியாது.

வாடகைக்கு விண்ணப்பிக்க என்ன வருமானம் வேண்டும்?

மாத வாடகையைப் போல 40 மடங்கு ஆண்டு வருமானம் கேட்பார்கள். வாடகை 5,000 டாலர் என்றால் ஆண்டுக்கு 2 லட்சம் டாலர். இல்லையென்றால் பிணை நிற்க ஒருவர் வேண்டும். அவருக்கு 80 மடங்கு, அதாவது 4 லட்சம். இது சட்டம் அல்ல, வழக்கம்; ஆனால் சட்டத்தைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள்.

சென்னையிலிருந்து நேரே வந்து இறங்குபவருக்கு இங்கே கடன் வரலாறே இருக்காது. ஊரில் நீங்கள் ஒழுங்காகக் கட்டிய வீட்டுக் கடன் எதுவும் இங்கே எடுபடாது. கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. வீட்டுக்காரர் எந்த நிறுவனத்தை ஏற்பார் என்று முதலில் கேட்டுவிட்டு அணுகுங்கள். வேலைக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம், கடவுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக வைத்திருங்கள். நல்ல வீடு ஒரே பிற்பகலில் போய்விடும். பிறந்த நாட்டையோ குடியேற்ற நிலையையோ காரணம் காட்டி மறுப்பது நகரச் சட்டப்படி குற்றம். காரணம் காட்டாமல் மறுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை.

அட்வான்ஸ் எவ்வளவு? ஆறு மாத வாடகையை முன்கூட்டியே தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்வார்களா?

பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது நம்ப முடியாத செய்தி: ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. 2019 ஜூனில் வந்த மாநிலச் சட்டம் அது. முன்பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதே உச்சவரம்புதான். ஆகவே ஆறு மாதத் தொகையை நீட்டி வீட்டுக்காரரைக் கவரும் பழைய வழி அடைபட்டுவிட்டது. விண்ணப்பச் சோதனைக்கு 20 டாலருக்கு மேல் கேட்கக் கூடாது (குடியிருப்போரே பங்குதாரர்களாக உள்ள நிறுவனம் வைத்திருக்கும் கட்டடத்துக்குக் கோ-ஆப் என்று பெயர்; அதன் கதை வேறு, கீழே வருகிறது). காலி செய்த 14 நாளுக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும், பிடித்தம் இருந்தால் கணக்கு எழுதித் தர வேண்டும். குடிபோகும் அன்று ஒவ்வொரு கீறலையும் படம் எடுத்து வைப்பது உங்கள் வேலை.

தரகுப் பணம்?

2025 ஜூன் 11 முதல், தரகரை யார் அமர்த்தினாரோ அவரே பணம் தர வேண்டும். அதற்கு முன்பு, வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நாம் ஆண்டு வாடகையில் 12 முதல் 15 சதவீதம் அழுதோம். 5,000 டாலர் வீட்டுக்கு 15 சதவீதம் என்றால் 9,000 டாலர், ஒரு கதவைத் திறந்து காட்டியதற்கு. உங்களுக்காகத் தேட நீங்களே ஒருவரை அமர்த்தினால் அந்தச் செலவு உங்களுடையது. கையெழுத்து வாங்கும் காகிதத்தில் “நான் அமர்த்தினேன்” என்ற வரி நைசாக நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

“ரென்ட் ஸ்டெபிலைஸ்டு” வீடு இந்த மாதிரி வட்டாரத்தில் கிடைக்குமா?

கிடைக்கும். வாடகை உயர்வுக்குச் சட்டம் வரம்பு கட்டிய வீடு என்று பொருள். 1974க்கு முன் கட்டப்பட்ட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள வாடகைக் கட்டடங்கள்தான் இந்தச் சட்டத்தின் முதன்மை எல்லை. போருக்கு முந்தைய கட்டடம் எல்லாம் அந்தக் காலத்துக்குள் வருகின்றன. இப்படி நிலைப்படுத்தப்பட்ட வீட்டில் வாடகை எவ்வளவு ஏறலாம் என்பதை ஆண்டுதோறும் ஒரு நகர வாரியம் தீர்மானிக்கும். ஒப்பந்தம் ஓராண்டுக்கா ஈராண்டுக்கா என்பது உங்கள் விருப்பம். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது உங்கள் உரிமை. மீன்முள் தரையைவிட இதைத்தான் நான் பெரிய சொத்து என்பேன்.

அப்படியானால் இவ்வளவு வீடுகள் ஏன் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருக்கின்றன? பதில், பளபளக்கும் சமையலறையில் இருக்கிறது. 1990களில் வந்த விதிப்படி, வீடு காலியாகி, சட்டபூர்வ வாடகை ஒரு வரம்பைத் தாண்டினால் அது கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுவிடும். வரம்பு 2,000 டாலரில் தொடங்கி, 2019இல் 2,774 டாலரைக் கடந்திருந்தது. குடியிருந்தவர் போனதும் புதுப்பித்தால், சிறிய கட்டடங்களில் செலவில் நாற்பதில் ஒரு பங்கு மாத வாடகையோடு நிரந்தரமாகச் சேரும். 40,000 டாலருக்குக் கணக்குக் காட்டினால் மாதம் 1,000 டாலர் ஏறும், வரம்பு தாண்டும், வீடு விடுதலை. பல வீடுகளில் கல் மேடை வந்து உட்கார்ந்தது சமைப்பவருக்காக அல்ல, இந்தக் கணக்குக்காக. 2019 சட்டம் அந்த வாசலை மூடியது. முன்பே வெளியேறியவை வெளியேறியவைதான், ஆனால் முறைப்படி வெளியேறினவா என்பது தனிக் கேள்வி.

அதை அறிய வழி இருக்கிறது. குடிபோன பிறகு மாநில வீட்டுவசதித் துறையிடம் உங்கள் வீட்டின் வாடகை வரலாற்றைக் கேளுங்கள். செலவில்லை, தபாலில் வரும். 1980களிலிருந்து ஆண்டுவாரியாகத் தொகை இருக்கும். ஓராண்டில் 1,100 டாலராக இருந்தது மறு ஆண்டில் 2,900 ஆகப் பாய்ந்திருந்தால், ஒரு வாடகைதாரர் வழக்கறிஞரிடம் காட்டுங்கள். வேண்டுமென்றே கூடுதலாக வாங்கியது நிரூபணமானால் மூன்று மடங்காகத் திருப்பித் தர வேண்டி வரும்.

கட்டுப்பாடு இல்லாத வீட்டில் வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றலாமா?

5 சதவீதமோ அதற்கு மேலோ ஏற்றுவதானால் முன்னறிவிப்பு வேண்டும்: ஓராண்டுக்குக் குறைவாக இருந்தவருக்கு 30 நாள், இரண்டாண்டு வரை 60, அதற்கு மேல் 90. 2024 ஏப்ரலில் இன்னொரு சட்டமும் வந்தது. 10 சதவீதம், அல்லது விலைவாசி ஏற்றத்தோடு 5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டினால் நியாயமற்றது என்று கருத இடம் தருகிறது. ஆனால் மிக உயர்ந்த வாடகை வீடுகள், கோ-ஆப், காண்டோ (ஒவ்வொரு வீடும் தனித்தனி உரிமையாளருக்குச் சொந்தமான கட்டடம்) ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. இந்த வட்டாரத்தில் அந்த விலக்கில் விழும் வீடுகள் நிறைய. உங்கள் வீடு எதில் சேர்த்தி என்று ஒப்பந்தத்தோடு ஓர் அறிவிப்பை இணைக்க வேண்டும், தேடிப் படியுங்கள்.

கோ-ஆப் வீட்டை வாடகைக்கு எடுப்பது ஏன் இவ்வளவு தொல்லை?

ஏனென்றால் உங்களுக்கு வீடு தருபவர் அதன் உரிமையாளரே அல்ல, கட்டடம் முழுவதையும் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஒரு பங்குதாரர். குடியிருப்போர் வாரியம் உங்களை ஏற்க வேண்டும். வரிக் கணக்கு, பரிந்துரைக் கடிதங்கள், நேர்காணல் எல்லாம் உண்டு; சம்பந்தம் பேசப் போவது போலத்தான். விண்ணப்பக் கட்டணமும் கூடுதல். பல வாரியங்கள் ஓரிரு ஆண்டுக்கு மேல் வாடகைக்கு விட அனுமதிப்பதில்லை. கட்டடம் மட்டும் பிரமாதமாகப் பராமரிக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் அதில் வாழ்பவர்களே அதன் முதலாளிகள். சென்ட்ரல் பார்க் வெஸ்டின் பெயர்பெற்ற கட்டடங்களில் பெரும்பாலானவை இந்த வகை.

சின்னக் குழந்தை இருக்கிறது. பழைய பெயின்ட்டில் ஈயம் என்கிறார்களே?

இதில் அலட்சியம் கூடாது. நியூயார்க் நகரம் வீடுகளில் ஈயப் பெயின்ட்டை 1960இல் தடை செய்தது. நாடு முழுவதும் 1978இல். உங்கள் கட்டடம் அதற்கும் முந்தையது, ஆகவே புது வெள்ளைப் பூச்சுக்கு அடியில் எங்கோ ஈயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். படிந்திருக்கும்வரை ஆபத்து குறைவு. உரியும்போதும், சன்னல் சட்டமும் கதவும் உரசி உரசித் தூளாகும்போதும்தான் விஷம் கைக்கும் வாய்க்கும் போகிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் வீட்டுக்காரர் ஆண்டுதோறும் சோதித்து, பாதுகாப்பான முறையில் சரிசெய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்புங்கள். அதே படிவத்தில் சன்னல் கம்பியும் கேட்பார்கள். பத்து வயது அல்லது அதற்குக் கீழே குழந்தை இருந்தால் கம்பி பொருத்தித் தருவது வீட்டுக்காரரின் கடமை.

பக்கத்து வீட்டில் புதுப்பித்தல் நடந்தால், தூசி உங்கள் கதவிடுக்கில் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அன்றே 311.

வாசலில் சாரம் கட்டியிருக்கிறார்கள். எப்போது எடுப்பார்கள்?

யாருக்கும் தெரியாது. 1979இல் பிராட்வேயில் நடந்துபோன ஒரு கல்லூரி மாணவி, மேலிருந்து விழுந்த முகப்புத் துண்டால் இறந்தார். மறு ஆண்டே முகப்புச் சோதனைச் சட்டம் வந்தது. இன்று ஆறு மாடிக்கு மேற்பட்ட எல்லாக் கட்டடங்களும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதிக்கப்பட வேண்டும். பழுது பார்ப்பதைவிடச் சாரத்தை விட்டுவைப்பது மலிவு என்று சில உரிமையாளர்கள் நினைப்பதால் ஆண்டுக்கணக்கில் நிற்கும் சாரங்கள் உண்டு. இரண்டாம் மாடி வீடு என்றால் உங்கள் சன்னலுக்கு நேராகப் பலகை வரும். அதைச் சொல்லி வாடகையைக் குறைக்கக் கேளுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்கலாமா?

தாராளமாக. உடனடிக் குடும்பத்தினரைச் சேர்த்துக்கொண்டு வாழும் உரிமை மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தாலும் செல்லும். டோர்மேனிடம் (கட்டட வாசலில் நிற்கும் பணியாளர்) அறிமுகப்படுத்தி வைத்துவிடுங்கள். என் அம்மா ஆங்கிலம் அதிகம் தெரியாமலே எங்கள் டோர்மேனோடு தினமும் கால் மணி நேரம் பேசிவிட்டு வருவார். என்ன பேசினீர்கள் என்று இருவரையும் கேட்டேன். இரண்டு பதிலும் பொருந்தவில்லை.

கரப்பான், எலி, மூட்டைப்பூச்சி?

முதல் இரண்டும் உண்டு. நீராவிக் குழாய் தரையில் நுழையும் ஓட்டையைச் சுற்றி அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதுதான் அவற்றின் ராஜபாட்டை. மூட்டைப்பூச்சிக்கு, கடந்த ஓராண்டு வரலாற்றை எழுத்தில் தருவது வீட்டுக்காரரின் கடமை.

சூப்பருக்கும் டோர்மேனுக்கும் இனாம் கொடுக்க வேண்டுமா?

டிசம்பரில் உறையில் வைத்துக் கொடுப்பது வழக்கம். நம் ஊர்த் தீபாவளி இனாம் போலத்தான். எவ்வளவு என்பதை அதே கட்டடத்தில் பல ஆண்டு இருப்பவரிடம் கேளுங்கள். சூப்பரை மட்டும் மறக்காதீர்கள், ஜனவரியில் ரேடியேட்டர் அவர் கையில்.

சுவரில் சாமி படம் மாட்ட ஆணி அடிக்கலாமா?

அடித்தால் சுவர் உதிரும். பழைய சாந்துப் பூச்சு சம்மட்டி அடி தாங்காது. உள்ளங்கை அளவுக்குப் பெயர்ந்து வரும், அது அட்வான்ஸில் கழியும். சிறிய துளை போட்டுத் திருகாணி வைப்பதே முறை. அதற்கும் முன், கூரைக்கு ஓர் அடி கீழே சுவரைச் சுற்றி ஒரு மரச்சட்டம் ஓடுகிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். படம் தொங்கவிடுவதற்கென்றே அந்தக் காலத்தில் வைத்தது அது. புதுப்பித்தவர்கள் பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், ஆனாலும் எடுத்திருக்க மாட்டார்கள். அதில் மாட்டும் வளைந்த கொக்கிகள் வன்பொருள் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன. என் வீட்டு முருகன் ஒன்பது ஆண்டுகளாக அந்தக் கொக்கியில்தான் இருக்கிறார்.